ஒலிவியரின் 'கிங் லியர்' எடுத்த மைக்கேல் எலியட் யார்?

லாரன்ஸ் ஒலிவியர் கிழவனாக நடித்த, ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதை இயக்கிய மைக்கேல் எலியட் யார், வேறு என்ன செய்திருக்கிறார், பீட்டர் ப்ரூக், பீட்டர் ஹால் போன்ற பிரிட்டிஷ் நாடக இயக்குநர்கள் அளவுக்கு இவர் பெயர் ஏன் அடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. கடைசிக் கேள்விக்கான பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனுஷன் ஒரு சினிமாவும் எடுக்கவில்லை என்றே சொல்லலாம், லண்டனை விட்டு மான்செஸ்டருக்குப் போய்விட்டார், 52 வயதில் இறந்தும் போனார். இந்த மூன்றில் ஒன்று போதும் பெயர் மங்க. மற்றபடி, பிரிட்டிஷ் நாடக உலகத்துக்காரர்களிடம் இவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், குரலில் மரியாதை தானாக வரும்.

பிறந்தது 1931, லண்டனில். அப்பா டபிள்யூ. எச். எலியட் ஒரு ஆங்கிலிக்கன் பாதிரியார், சாதாரணப் பாதிரியார் இல்லை. 1930களில் பிபிசி வானொலியில் அவருடைய வழிபாட்டு உரைகளை நாடே கேட்டது, 'ரேடியோ பாதிரியார்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத மனிதர்களிடம் அப்பா வானொலி வழியாகப் பேசினார், மகன் அதே பிபிசியில் தொலைக்காட்சிக்குப் போனார். ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் கல்லூரியில் படிக்கும்போது காஸ்பர் ரேடெ என்கிற பின்லாந்துக்காரர் நண்பரானார். இந்த நட்பை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க வரும்.

1950களின் நடுவில் பிபிசியில் தொலைக்காட்சி நாடகம் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எலியட்டின் கை எங்கே பழகியது என்பது புரியாது. இரண்டு மூன்று வாரம் ஏதோ ஒரு சர்ச் ஹாலிலோ வாடகைக் கூடத்திலோ ஒத்திகை. தரையில் ஒட்டிய டேப்தான் சுவர், கதவு, படிக்கட்டு எல்லாம். அப்புறம் ஸ்டுடியோவில் ஒன்றிரண்டு நாள் கேமராவோடு ஒத்திகை, பிறகு நேரடி ஒளிபரப்பு. நிஜமாகவே நேரடி. நாலைந்து பெரிய கேமராக்கள், ஒன்றின் கேபிளில் இன்னொன்று சிக்காமல் நகர வேண்டும், நடிகர் ஒரு செட்டிலிருந்து அடுத்த செட்டுக்கு ஓடிப்போய் மூச்சு வாங்காத மாதிரி நிற்க வேண்டும். இயக்குநர் கன்ட்ரோல் ரூமில் திரைகளின் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து ஷாட் ஷாட்டாகக் கட்டளை கொடுப்பார். தப்பு நடந்தால் நடந்ததுதான். ஞாயிறு இரவு போட்ட நாடகத்தை மறுபடி காட்ட வேண்டுமென்றால் வியாழக்கிழமை எல்லாரும் திரும்ப வந்து முதலிலிருந்து நடிப்பார்கள். பதிவு வேண்டுமென்றால் திரைக்கு முன்னால் ஒரு ஃபிலிம் கேமராவை வைத்து எடுப்பார்கள், அதற்கு டெலிரெக்கார்டிங் என்று பெயர். அதுவும் எல்லா நாடகத்துக்கும் கிடையாது. பின்னால் வீடியோ டேப் வந்த பிறகும் டேப் விலை அதிகம், அதனால் அழித்து அதன்மேலேயே அடுத்ததை எடுத்தார்கள்.

ஆக, இந்தத் தொழிலில் பழகியவனுக்கு இரண்டு விஷயம் ரத்தத்தில் ஊறிவிடும். ஒன்று, முகம்தான் எல்லாம், பெரிய கை வீச்சும் மேடைக் குரலும் அங்கே செல்லாது. இரண்டு, செய்தது எதுவும் நிற்காது, இன்று ராத்திரியோடு சரி. எலியட்டின் மொத்த வாழ்க்கையையும் இந்த இரண்டிலிருந்து புரிந்துகொள்ளலாம் என்பது என் கட்சி.

1959இல் ரேடெவும் இவரும் சேர்ந்து '59 தியேட்டர் கம்பெனி' என்று ஒரு குழுவை லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள லிரிக் அரங்கில் நடத்தினார்கள். வருஷத்தையே பெயராக வைத்த குழு, நீண்ட நாள் நடத்தும் உத்தேசம் இல்லை என்பது பெயரிலேயே தெரிகிறது. அங்கே எலியட் போட்டது நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பிராண்ட்', மைக்கேல் மேயர் புதிதாக மொழிபெயர்த்தது. எல்லாம் அல்லது ஒன்றுமே இல்லை என்று கடவுளுக்காகத் தன் குழந்தையையும் மனைவியையும் பலி கொடுக்கும் ஒரு பாதிரியாரின் கதை. ஒரு பாதிரியாரின் மகன் இதைத் தேர்ந்தெடுத்ததில் எதையும் நான் வலிந்து படிக்கவில்லை, ஆனால் கண்ணில் படாமல் போகவும் இல்லை. பிராண்டாக நடித்தவர் பாட்ரிக் மக்கூஹன், பின்னால் 'தி பிரிசனர்' தொடரில் புகழ்பெற்றவர். இந்த நாடகத்தை வாசிக்க மட்டுமே முடியும், மேடையேற்ற முடியாது என்று இங்கிலாந்தில் ஒரு நினைப்பு இருந்தது. கடைசியில் பனிச்சரிவு வந்து ஆளையே மூட வேண்டும், என்ன செய்வது? ஆனால் அந்த மேடையேற்றம் பெரிய வெற்றி. அதே ஆண்டு ஆகஸ்டில் பிபிசி அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தது, அந்தப் பதிவு அதிர்ஷ்டவசமாகத் தப்பித்து டிவிடியாகவும் வந்தது. மக்கூஹனின் முகத்தை எலியட் எவ்வளவு நேரம் கேமராவைவிட்டு விலக்காமல் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். மேடையில் கடைசி வரிசைக்குத் தெரியாத ஒரு கண் சிமிட்டல் இங்கே காட்சியையே திருப்பிவிடுகிறது.

அடுத்தது 1961. ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக 'ஆஸ் யூ லைக் இட்'. நாயகி ரோஸலிண்டாக 24 வயது வனெஸா ரெட்கிரேவ். அந்தப் பாத்திரத்தில் அவரைப் பார்த்தவர்கள் அறுபது வருஷம் கழித்தும் அதைப் பற்றிப் பேசினார்கள், இன்றைக்கும் எந்த ரோஸலிண்ட் வந்தாலும் விமர்சகர்கள் அவரோடு ஒப்பிடாமல் விடுவதில்லை. ரிச்சர்ட் நெக்ரி வடிவமைத்த செட்டில் மேடை முழுக்கச் சரிந்த ஒரு பச்சை மேடு, ஒரே ஒரு பெரிய மரம், அவ்வளவுதான். நாயகியின் தோழி சீலியாவாக நடித்தது ரோஸலிண்ட் நைட், எலியட்டின் மனைவி. (ரோஸலிண்ட் என்ற பெயர்க்காரி சீலியா, வனெஸா ரோஸலிண்ட். ஒத்திகையில் எத்தனை குழப்பம் நடந்திருக்குமோ.) 1963இல் பிபிசி இதையும் தொலைக்காட்சிக்கு எடுத்தது. ரெட்கிரேவ் அதில் பேசும்போது, வரிகள் அந்த நிமிஷம்தான் மனசில் தோன்றி வாய்க்கு வருகிற மாதிரி இருக்கும். ஷேக்ஸ்பியரைப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லும் பழக்கம் இன்னும் போகாத காலம் அது என்பதை மறக்க வேண்டாம்.

நடுவில் 1962இல், மிஷெல் சாங்-தெனி மேடையேற்றிய, செகாவின் 'செர்ரி ஆர்ச்சர்ட்' நாடகத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றியதும் இவர்தான். பெக்கி ஆஷ்க்ராஃப்ட், ஜான் கீல்குட், இளம் ஜூடி டென்ச் எல்லாரும் இருக்கிறார்கள். இன்னொருவர் செய்த நாடகத்தைக் கேமராவுக்குக் கொண்டுவருவது நன்றி கிடைக்காத வேலை, நன்றாகச் செய்தால் பெயர் முதல் ஆளுக்குத்தான் போகும்.

1962-63இல் லண்டனின் ஓல்ட் விக் அரங்கின் தலைமை. இப்சனின் 'பீர் கிண்ட்', லியோ மெக்கெர்ன் நாயகன். ஆனால் இதில் ஒரு வேடிக்கை, அந்தப் பழைய கம்பெனி மூடப்போகிறது என்பது தெரிந்துதான் இவர் உட்கார்ந்தார். 1963 ஜூனோடு ஓல்ட் விக் கம்பெனி முடிந்தது, அதே கட்டடத்தில் அக்டோபரில் புதிய நேஷனல் தியேட்டர் ஒலிவியரின் தலைமையில் தொடங்கியது. மறுபடியும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிற வேலைதான். 1965இல் அதே நேஷனலுக்காக ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் 'மிஸ் ஜூலி'யை மேகி ஸ்மித், ஆல்பர்ட் ஃபின்னி இருவரையும் வைத்து இயக்கினார்.

சரி, தொலைக்காட்சியில் இவர் செய்ததிலேயே என்னை அதிகம் ஆட்டியது எது என்றால் 1968 ஜூலையில் பிபிசி 2இல் வந்த ஒரு நாடகம். எழுதியவர் நைஜல் நீல், 'குவாட்டர்மாஸ்' தொடர்களை எழுதியவர். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'செக்ஸ் ஒலிம்பிக்ஸ் ஆண்டு' என்று வரும், தலைப்பைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். எதிர்காலத்தில் ஒரு சிறு கூட்டம் தொலைக்காட்சியை நடத்துகிறது, மீதி ஜனம் முழுக்கச் சாய்ந்து கிடந்து பார்க்கிறது. மக்கள்தொகை பெருகாமலும் யாரும் எதற்கும் கொதிக்காமலும் இருக்க, அவர்களுக்கு ஓயாமல் காமக் காட்சிகளையே காட்டுகிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்து, எழுந்து நடக்கிற ஆசையே அவர்களுக்கு விட்டுப்போக வேண்டும் என்பது திட்டம். ஒரு நாள் ஒளிபரப்பின் நடுவே ஒருவன் உயரத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறான். ஜனம் சிரிக்கிறது. முதல்முறையாக விழுந்து விழுந்து சிரிக்கிறது. அங்கிருந்து அடுத்த யோசனை பிறக்கிறது: ஒரு குடும்பத்தை ஆளில்லாத தீவில் கொண்டுபோய் விட்டு, குளிரிலும் பசியிலும் அவர்கள் படுகிற பாட்டை இருபத்துநாலு மணி நேரமும் காட்டினால் என்ன? அப்புறம் அந்தத் தீவிலேயே இவர்களுக்குத் தெரியாமல் ஒரு கொலைகாரனையும் சேர்த்து விட்டால்?

1968இல் எழுதியது இது. 'பிக் பிரதர்' நிகழ்ச்சி நெதர்லாந்தில் தொடங்கியது 1999இல், அதன் பேரப்பிள்ளைதான் நாம் கமல்ஹாசனோடு உட்கார்ந்து பார்த்த 'பிக் பாஸ்'. கொலைகாரன் மட்டும் இன்னும் வரவில்லை.

எலியட் இதில் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். கன்ட்ரோல் ரூமிலேயே நாடகத்தின் பாதி நடக்கிறது. திரைகளைப் பார்த்து உத்தரவு போடும் மனிதர்கள், ஜனத்தின் முகங்களைத் திரையில் பார்த்து 'பிடித்திருக்கிறதா இல்லையா' என்று கணக்குப் போடுபவர்கள். பல வருஷம் அதே மாதிரி அறையில் உட்கார்ந்து அதே மாதிரி உத்தரவு போட்டவர் தன் சொந்த நாற்காலியைப் படம் பிடித்திருக்கிறார். லெனார்ட் ராசிட்டர் அதிகாரி, அவருக்குக் கீழே துடிப்பான இளைஞனாக பிரையன் காக்ஸ். ஆமாம், 'சக்ஸஷன்' தொடரின் கிழட்டு முதலாளி, அதே காக்ஸ்தான், அங்கேயும் டிவி கம்பெனிதான்.

பிபிசி 2இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வண்ணத்துக்காகவே யோசித்து, ஒப்பனையும் உடையும் கண்ணைப் பறிக்கிற மாதிரி செய்த நாடகம் இது. அந்த வண்ண டேப் அழிந்துபோயிற்று. இன்று மிஞ்சியிருப்பது கறுப்பு வெள்ளை டெலிரெக்கார்டிங் மட்டும். மின்னுகிற எதிர்காலத்தை அழுக்குச் சாம்பல் நிறத்தில் பார்க்கிறோம். நீலும் எலியட்டும் 1964இல் சேர்ந்து செய்த இன்னொரு நாடகமும் உண்டு, 'தி கிரஞ்ச்', லண்டனில் ஒரு தூதரகத்துக்குள் அணுகுண்டு இருப்பது பற்றியது.

இனி மான்செஸ்டர். 1968 வாக்கில் எலியட், ரேடெ, நெக்ரி, நடிகர் ஜேம்ஸ் மேக்ஸ்வெல், கொஞ்சம் இளையவரான பிராம் முர்ரே எல்லாரும் மான்செஸ்டர் பல்கலைக்கழக அரங்கில் '69 தியேட்டர் கம்பெனி' என்று தொடங்கினார்கள். மறுபடி வருஷம்தான் பெயர். கொஞ்ச நாளில் சொந்த அரங்கு தேவைப்பட்டது. தேடிக் கிடைத்தது ராயல் எக்ஸ்சேஞ்ச்.

அந்நியத் துணி எரிப்பைப் பாடப் புத்தகத்தில் படித்து வளர்ந்த நமக்கு மான்செஸ்டர் என்றாலே துணிதான் ஞாபகம் வரும். அந்தத் துணிக்கான பஞ்சை வாங்கி விற்ற சந்தைக் கூடம்தான் இது. ராட்சசத் தூண்கள், மேலே கண்ணாடிக் குவிமாடங்கள், ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய வணிகக் கூடம் என்று பெருமை பேசினார்கள். 1968 கடைசியில் வியாபாரம் நின்று கூடம் காலியாகிவிட்டது. இவர்கள் 1973இல் முதலில் அதற்குள் கூடாரம் மாதிரி ஒரு தற்காலிக அரங்கு போட்டு நாடகம் நடத்திப் பார்த்தார்கள். பிடித்துப்போயிற்று.

அதே 1973இல்தான் எலியட் பிபிசி வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார், அரங்கு கட்டுபவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது. வருங்காலத் தலைமுறைக்காகக் கட்டாதீர்கள் என்பதுதான் சாரம். அப்போது லண்டன் தேம்ஸ் கரையில் நேஷனல் தியேட்டருக்காக டெனிஸ் லாஸ்டன் கான்கிரீட் கோட்டை எழுப்பிக்கொண்டிருந்தார். எலியட் சொன்னது, நாடகம் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது, நூறு வருஷம் நிற்கிற கட்டடத்தைக் கட்டி நம் இன்றைய ரசனையை நம் பேரன்களின் தலையில் கட்டுவானேன்? மலிவாக, இலகுவாக, வேண்டாமென்றால் கழற்றிப் போடுகிற மாதிரி கட்டுங்கள் என்றார். நேரடி ஒளிபரப்பில் வளர்ந்தவன் பேசுகிற பேச்சு இது என்று எனக்குப் படும்.

அப்படியே கட்டினார்கள். நெக்ரியின் வடிவம், லெவிட் பெர்ன்ஸ்டீன் கட்டடக் கலைஞர்கள். பழைய கூடத்தின் தரை அவ்வளவு எடையைத் தாங்காது, அதனால் எஃகாலும் கண்ணாடியாலும் ஆன ஏழு பக்கக் கூண்டு ஒன்றைக் கூடத்தின் நான்கு பெரிய தூண்களிலிருந்து தொங்கவிட்டார்கள். சுமார் 150 டன். மேடை நடுவில், சுற்றிலும் எழுநூற்றுச் சொச்சம் பேர், மூன்று அடுக்கு. யாரும் மேடையிலிருந்து ஒன்பது மீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. அந்தக் கூடத்துக்குள் நுழைந்து அதைப் பார்த்தால், பழைய ரயில் நிலையத்தில் ஏதோ விண்கலம் வந்து இறங்கியிருக்கிற மாதிரிதான் தோன்றும்.

இந்த ஒன்பது மீட்டர்தான் விஷயம். வட்ட அரங்கில் நடிகனுக்கு முதுகு காட்டாமல் நிற்க வழியே இல்லை, எப்போதும் யாருக்கோ முதுகுதான். அதனால் இயக்குநர் ஆட்களை ஓயாமல் நகர்த்த வேண்டும், நகர்த்துவதற்குக் காரணமும் வேண்டும், இல்லாவிட்டால் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும். சுவர் செட் போட முடியாது, தரைதான் செட், ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் ரசிகனின் முகமும் உங்களுக்குத் தெரியும். ஆனால் பதிலுக்கு என்ன கிடைக்கிறது? முகம். டிவி குளோசப்பில் கிடைத்த அதே முகம், இந்தத் தடவை ரத்தமும் சதையுமாக, பக்கத்தில். எலியட் தொலைக்காட்சியை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார் என்று சிலர் எழுதுவார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே கற்றதைத்தான் இங்கே கட்டினார்.

1976 செப்டம்பர் 15 அன்று அரங்கைத் திறந்து வைத்தவர் ஒலிவியர். எலியட் அங்கே செய்தவற்றில் 1978இன் 'தி லேடி ஃப்ரம் தி ஸீ' (மறுபடி இப்சன், மறுபடி வனெஸா) ஒன்று. வெளியுலகம் அறிந்தது 1980இன் 'தி டிரெஸ்ஸர்'. எழுதியவர் ரொனால்ட் ஹார்வுட், 59 கம்பெனியில் நடிகராக இருந்தவர், அதற்கு முன்னால் டொனால்ட் வுல்ஃபிட் என்ற பழைய பாணி நட்சத்திர நடிகருக்கு உடை மாட்டிவிடும் உதவியாளராக வேலை பார்த்தவர். குண்டு விழுகிற போர்க்கால இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் கம்பெனி, மூளை தடுமாறிப்போன கிழ நடிகர், அன்றிரவு அவர் லியர் ஆட வேண்டும், அவரைத் தேற்றி, திட்டி, கெஞ்சி மேடைக்குத் தள்ளும் உதவியாளன். ஃப்ரெடி ஜோன்ஸும் டாம் கோர்ட்னியும் நடித்தார்கள். மான்செஸ்டரிலிருந்து லண்டனுக்குப் போய், பிராட்வேக்கும் போய், 1983இல் பீட்டர் யேட்ஸ் இயக்கத்தில் படமாகவும் வந்தது. படத்தில் கோர்ட்னிதான் மறுபடி உதவியாளன், கிழ நடிகராக ஃபின்னி.

இப்போது நீங்கள் பார்த்த லியருக்கு வருவோம். 1982, கிரனாடா தொலைக்காட்சியின் மான்செஸ்டர் ஸ்டுடியோ, ராயல் எக்ஸ்சேஞ்சிலிருந்து நடந்துபோகிற தூரம். ஒலிவியருக்கு 75 வயது, பல வருஷமாகப் பல நோய். எலியட்டும் சிறுநீரகக் கோளாறோடு போராடிக்கொண்டிருந்தவர். மேடையில் லியரை ஒவ்வொரு ராத்திரியும் சுமக்க ஒலிவியரின் உடம்பில் தெம்பில்லை, ஆனால் துண்டு துண்டாக, நெருங்கிய கேமராவுக்கு முன்னால் முடியும். ஸ்டுடியோவுக்குள்ளேயே ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி கல் வட்டம், அதுவும் ஒரு வட்ட அரங்குதானே என்று எனக்கு எப்போதும் தோன்றும். குறை சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கல்லும் மூடுபனியும் ஸ்டுடியோ என்று கத்துகின்றன, புயல் காட்சியில் இடி மழையைவிட வசனம் கேட்டால் தேவலை. ஆனால் புயலுக்குப் பிறகு, கிழவன் தனியாக வயல்வெளியில் முயலைப் பிடித்துப் பச்சையாகத் தின்று, பூ சூடிக்கொண்டு அலைகிற இடம், அப்புறம் கண்ணிழந்த குளோஸ்டரோடு (லியோ மெக்கெர்ன், இருபது வருஷத்துக்கு முந்தைய அதே பீர் கிண்ட்) உட்கார்ந்து பேசுகிற இடம், அங்கே எலியட் ஒன்றுமே செய்வதில்லை. இரண்டு முகங்கள். அவ்வளவுதான். 1983இல் சேனல் 4இல் வந்தது, ஒலிவியருக்கு எம்மி விருதும் கிடைத்தது.

கடைசி மேடை நாடகம் 1984இல் 'மோபி டிக்', பெரிய திமிங்கலத்தை அந்தச் சின்ன வட்டத்துக்குள் கொண்டுவரும் துணிச்சல், கேப்டன் ஆஹாபாக பிரையன் காக்ஸ். அதே ஆண்டு மே 30ஆம் தேதி எலியட் இறந்தார்.

மகள் மரியானுக்கு அப்போது 17 வயது. அவரைத்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும், 'வார் ஹார்ஸ்' நாடகத்தை டாம் மோரிஸோடு சேர்ந்து இயக்கியவர், பிறகு 'கியூரியஸ் இன்சிடென்ட்' செய்தவர், டோனி விருதுகள் வாங்கியவர். அவர் இயக்குநராக வளர்ந்ததும் ராயல் எக்ஸ்சேஞ்சில்தான்.

பதினைந்து வருஷம் தாங்கினால் போதும் என்றவரின் கூண்டு என்ன ஆயிற்று? 1996 ஜூன் 15 அன்று ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழு மான்செஸ்டர் நடுவில் வைத்த லாரி குண்டு வெடித்தது, அரங்கு அதற்கு மிக அருகில். கல் கட்டடம் பலத்த சேதம், குவிமாடமே அசைந்துவிட்டது. உள்ளே தொங்கிய எஃகுக் கூண்டு ஏறத்தாழ அப்படியே தப்பித்தது. 1998 நவம்பரில் மறுபடி திறந்தார்கள், குண்டு வெடித்த அன்று ஆட வேண்டியிருந்த 'ஹிண்டில் வேக்ஸ்' நாடகத்தையே போட்டு. இன்றும் அதே கூண்டுதான். கூடத்தின் சுவரில் பஞ்சு வியாபாரத்தின் கடைசி நாள் விலைப் பட்டியலும் அப்படியே இருக்கிறது.

அடுத்து எதைப் பார்ப்பது என்றால், முதலில் 'ஆஸ் யூ லைக் இட்', ரெட்கிரேவுக்காக. பிறகு 'பிராண்ட்', அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒலியும் படமும் சுமார்தான். நீலின் நாடகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் 'பிக் பாஸ்' ஓடாத மாதத்தில்.